பால்கோவா டப்பாவில் கொண்டு போனது

வில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பால்கோவா வாங்கி வராதவர்கள் இருக்க மாட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து வில்லிபுத்தூருக்குப் பால்கோவா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். டப்பாவுக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் என் மகன் அன்றைக்குக் காலையில் வெளிக்குப் போனதில் கொஞ்சம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு அதை மட்டும் ஒளித்து என்ன ஆகப்போகிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். மெதுவாகத்தான் சொல்லுவேன்.

எங்கள் வீட்டுத் தயிருக்கு அப்போது தெருவில் ஒரு பேர் இருந்தது. கத்தியால் வெட்டி எடுக்கலாம் என்பார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் பால் காய்ச்சியதும் அடுத்த வேலையாக ஒரு டம்ளரோடு என் வாசலுக்குத்தான் வருவார்கள், உறைமோர் கேட்டு. எதிர்வீட்டுக்காரி அப்படி வந்தவள்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தயிரைப் பெருகு என்பாள். வந்த அன்றைக்கே விளக்கு வைத்த பிறகு டம்ளரை நீட்டினாள். “விளக்கு வச்ச பொறவு உறை குடுத்தா வீட்டு லச்சுமி கூடவே கெளம்பிரும். காலையில வாட்டி” என்று திருப்பி அனுப்பினேன். காலையில் வந்தாள், கொடுத்தேன். அன்றிலிருந்து மதினி, மதினி என்று ஒட்டிக்கொண்டாள்.

தெருவில் நாலைந்து பேருக்கு மஞ்சக்காமாலை வந்த வருசம் அது. எண்பதுகள் முடிகிற சமயம். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது. சுகாதார நர்ஸம்மா வீடு வீடாக வந்து, “தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்க, கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனது. அந்த அம்மா சொன்னது தண்ணீரை. நான் எடுத்துக்கொண்டது எல்லாவற்றையும்.

பழைய சோற்றுப் பானையைக் குப்பையில் போட்டேன். ராத்திரி முழுக்க ஊறிய சோறு கிருமி இல்லாமலா இருக்கும்? பாத்திரமெல்லாம் சோடா உப்புப் போட்டுக் கொதிநீரில் அலசினேன். தயிரையும் அடுப்பில் ஏற்றினேன், கிருமி சாகட்டும் என்று. அது திரிந்து, வெள்ளைக் கட்டி தனியாகவும் பச்சை நிறத் தண்ணீர் தனியாகவும் நின்றது. அதைப் பார்த்து எனக்கு உடம்பே கூசிப்போனது. என் வீட்டுக்காரர் மில் ஷிப்டு முடிந்து வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாத்தீகளா, எம்புட்டு அழுக்கு உள்ள இருந்திருக்கு! இத்தன வருசம் இதையா தின்னோம்?” அவர், “பசிக்குது, சோத்தப் போடு” என்றார். அவ்வளவையும் சாக்கடையில் ஊற்றினேன். என் வீட்டு உறை அன்றைக்கு முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அந்த வாரமே எதிர்வீட்டுக்காரியின் சின்னப் பிள்ளைக்கு வயிற்றுக்கடுப்பு. குழாயடியில் எல்லோரும் குடம் வைத்து நிற்கும்போது சொன்னேன், “புளிச்ச தயிரக் குடுத்தா ஏன் வராது? ஒன் வீட்டுச் சட்டி நாத்தம் என் வாசல் வரைக்கும் வருதுட்டி.”

“மதினி, அது ஒங்க வீட்டுத் தயிருதான. நீங்க குடுத்த உறைதான.”

“என் வீட்டுல இருந்து வரும்போது சுத்தமாத்தான் வந்துச்சு. ஒன் கைக்கு வந்துதான் கெட்டுச்சு.”

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. நானும் போய்க் கேட்கவில்லை. எனக்கு அது பழக்கமும் இல்லை.

அடுத்த வருசம் என் மகன் பட்டாளத்துக்கு ஆள் எடுப்புக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தான். எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பான். இவனுக்கும் சின்ன வயசிலிருந்து அதே நினைப்பு. விடியக்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுவான். உயரம், நெஞ்சளவு எல்லாம் சரியாக இருந்தது. எடைதான் சரிக்குச் சரி. ஒரு கிலோ குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆள் எடுப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவனுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் போய், “நல்லா வேகமாக் கேக்குற மாத்திரையாக் குடுங்க” என்று வாங்கி வந்தேன். பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக இருக்கும். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. எனக்கு ஒரே பெருமை. பத்து நாள் கழித்து லேசாக இருமினான். அதே மாத்திரை. ஓடி ஓடிக் குதிகாலில் கொப்புளம் வந்தது. அதற்கும் அதே மாத்திரை. வேண்டாம் என்றுதான் சொன்னான். “உள்ள ஒரு கிருமி தங்கக் கூடாதுலே” என்று நானே கையில் வைத்து, வெந்நீர் டம்ளரை வாயருகில் பிடித்தேன்.

அப்புறம் அவனுக்கு வயிறு இளகியது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. ஓடப் போனவன் பாதி மைதானத்தில் திரும்பி வருவான். வயிற்றுக்கென்று கடையில் இன்னொரு மாத்திரை வாங்கினேன். கூடிப்போனதே தவிரக் குறையவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. அரிசிக் கடைத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, “நாலு கிலோ போயிருச்சும்மா” என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஆள் எடுப்புக்கு ஐந்து வாரம் இருந்தது.

அப்போதுதான் வில்லிபுத்தூரில் ஒரு வயசான டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். “எல்லாம் சுடச்சுடத்தான் அய்யா. கொதிக்க வச்ச பாலு, ரொட்டி, சுடுசோறு. பழையது கிடையாது, தயிர் மோர் கிடையாது. கிருமி அண்ட விடமாட்டேன்.” பாராட்டுவார் என்று பார்த்தேன். “மருந்து?” என்றார். காலி அட்டைகளை முடிச்சில் வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். மேசையில் ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கினார். மேசை பாதி நிறைந்துவிட்டது.

“இதெல்லாம் எந்த டாக்டர் எழுதிக் குடுத்தது?”

“நான்தான் அய்யா வாங்கிக் குடுத்தேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் வெளிக்கு இருப்பதில் கொஞ்சம் ஒரு குப்பியில் கொண்டு வரச் சொன்னார்.

அதுதான் அந்த டப்பா. மஞ்சள் பைக்குள் வைத்தால் குப்பி ஆடும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் கிடந்த பழைய பால்கோவா டப்பாவில் துணி சுற்றி வைத்து, சணல் கட்டி, மடியில் வைத்துக்கொண்டேன். மகனும் கூட வந்தான், ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் யார் என்று பார்க்கவில்லை. “என்ன மதினி” என்று குரல் வந்தது. எதிர்வீட்டுக்காரி. ஒரு வருசத்துக்குப் பிறகு முதல் பேச்சு. “வில்லிபுத்தூருக்கே பால்கோவா கொண்டு போறீக? அங்க தீந்துபோச்சாமா?” பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் வேறு, “எங்களுக்கு இல்லையா ஆச்சி?” என்றான். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு கூட ஆகவில்லை. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் உள்ளறையில் ஒரு பூதக்கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார். செத்த நேரம் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். சீரகத்தைத் தூளாக்கித் தண்ணீரில் தூவியது மாதிரி. செத்தது மாதிரி கிடந்ததில் ஒன்று அசைந்தது. அப்புறம் இன்னொன்று. பின்னால் நகர்ந்ததில் நாற்காலியைத் தட்டிவிட்டேன்.

“அய்யா, உசுரோட இருக்கு! எம்பிள்ளை வயித்துக்குள்ள இம்புட்டுக் கிருமியா?”

“இம்புட்டுன்னு சொல்லாதம்மா. இது காணாது. இதப்போல எத்தனையோ பங்கு இருக்கணும். உன் வயித்துலயும் இருக்கு, என் வயித்துலயும் இருக்கு.”

“என் வயித்துலயா?” எனக்குக் கோபமே வந்துவிட்டது. “நான் கொதிக்க வைக்காம ஒண்ணும் திங்கிறதில்லையே!”

அவர் தன் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, கடைசி அடுக்கிலிருந்த தயிரில் ஒரு சொட்டுத் தொட்டுக் கண்ணாடியில் தேய்த்து, ஏதோ ஊதாத் தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி பார்க்கச் சொன்னார். குச்சி குச்சியாக, பாசி கோத்தது மாதிரி, இடமே இல்லாமல் கிடந்தன.

“அய்யா, அதக் கீழ ஊத்துங்க!”

“ஏன் ஊத்தணும்? பன்னெண்டரைக்கு இதத்தான் சாப்பிடப் போறேன். இதுக இல்லன்னா பால் எப்படித் தயிராகும்?”

இருபத்தைந்து வருசம் தெருவுக்கே உறை கொடுத்தவள் நான். என்ன கொடுத்தேன் என்று அந்த அறையில் வைத்துத்தான் தெரிந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். “உன் வீட்டுக்காரர் மில்லுலதான வேலை பாக்காரு? மில்லுக்குள்ள ஒரு திருடன் புகுந்துட்டான். அவனப் பிடிக்கிறேன்னு மூணு ஷிப்டு ஆளையும் சேத்துச் சுட்டுப்புட்டா, மெஷின யாரு ஓட்டுவா? மொதக் காய்ச்சலுக்கு ஒருவேளை தேவைப்பட்டிருக்கும். மத்ததுக்குத் தேவையே இல்ல. சோத்தச் செரிக்க வைக்கவும் கெட்டது வந்தா விரட்டவும் உள்ள இருந்ததெல்லாம் மாத்திரையில செத்துப்போச்சு. மிச்சம் மீதிக்கும் நீ ஒண்ணும் திங்கக் குடுக்கல.”

“நானாய்யா கொன்னேன்?” என்றேன். வாசல் பெஞ்சில் என் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாத்திரையை வைத்த என் கையைப் பார்த்தேன்.

கடை மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். உப்பும் சீனியும் கலந்த தண்ணீர், பழைய சோறு, வாழைப்பழம், கீரை, வீட்டுத் தயிர். “தண்ணிய மட்டும் கொதிக்க வை, அத விட்டுறாத. தயிர் மந்திரமும் இல்ல. உள்ள மறுபடி குடியேற மாசக்கணக்காகும். இந்த ஆள் எடுப்புக்கு நான் உறுதி சொல்ல முடியாது.”

வீட்டுக்கு வந்தால் உறை இல்லை. கிளப்புக் கடையில், அதான் ஓட்டலில், தயிர் வாங்கி உறை ஊற்றினேன், நூல் நூலாக வந்தது. மறுபடி ஊற்றினேன், அதே கதை. மகன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். பழைய மாதிரி தயிர் தெருவில் ஒரே வீட்டில்தான் இருந்தது. என் வீட்டுத் தயிர்.

யாரும் பார்க்காத நேரமாகப் போக நினைத்து, விளக்கு வைத்த பிறகு டம்ளரோடு படியேறினேன். எதிர்வீட்டுக்காரி டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “விளக்கு வச்ச பொறவு உறை குடுப்பாகளா மதினி? நீங்க சொல்லிக் குடுத்ததுதான. காலையில வாங்க.”

அப்படியே திரும்பி வந்தேன். காலையில் போவதா வேண்டாமா என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். மகன் பின்வாசலுக்கு எழுந்து போகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

விடிந்ததும் அவள் குழாயடியில் நின்றாள். தெருவே நின்றது. அங்கே வைத்தே டம்ளரை நீட்டினேன்.

“ஒன் வீட்டுத் தயிரு கொஞ்சம் வேணும். என் மகனுக்கு.”

“எங்க வீட்டுச் சட்டி நாறுமே?”

“நாறல. நாந்தான் அப்படிப் பேசினேன். தப்பு.”

குழாய்த் தண்ணீர் குடத்தில் வழிந்துகொண்டிருந்தது, யாரும் நகர்த்தவில்லை. அவள் விடவில்லை. “சரி, அன்னைக்கு அந்த டப்பாவுல என்ன மதினி இருந்துச்சு?”

சொன்னேன். உரக்கவே சொன்னேன். அப்புறம் குழாயடியே சிரித்து உட்கார்ந்துவிட்டது. “அடியாத்தீ, அதையா மடியில வச்சுப் பிடிச்சிட்டுப் போனீக!” என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தளும்பத் தளும்பக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலையில் சட்டியைச் சாய்த்தேன், தயிர் அசையவில்லை.

ஆள் எடுப்புக்கு முன் வயிற்றுப்போக்கு நின்றது. போன நாலு கிலோவில் இரண்டுதான் திரும்பி வந்தது. மதுரைக்குப் போனான். ஓட்டத்தில் முன்னால் வந்தவனை, தராசில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வந்து பழைய சோற்றைத் தயிர் ஊற்றிப் பிசைந்தான். “ஏலே, எம்மேல கோவமா?” என்றேன். “கோவமெல்லாம் இல்ல. இனிமே எதையாவது அவிக்கணும்னு தோணுச்சுன்னா, என்னையும் சேத்து அவிச்சுராதம்மா” என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருச ஆள் எடுப்புக்கு வயசு இருந்தது. அந்த ஒரு வருசம் என் வீட்டில் ஒரு மாத்திரை கிடையாது. அவன் மதுரையிலிருந்து வரும் நாளில் வாசலிலேயே நின்றேன். எதிர்வீட்டுக்காரியும் அவள் வாசலில் நின்றாள், வேலை இருப்பது மாதிரி. தெரு முக்கில் திரும்பினான். கையில் சணல் கட்டிய பால்கோவா டப்பா. வழியில் வில்லிபுத்தூரில் இறங்கி வாங்கியிருக்கிறான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எடுத்துக்கொண்டார்கள் என்று.

டப்பாவை வாங்கி நேரே எதிர்வீட்டுக்குப் போய், “ஏட்டி, மொதல்ல நீ எடு” என்று நீட்டினேன்.

அவள் சணலைப் பிரிப்பதற்கு முன்னால் டப்பாவை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.