காலாவதி அக்காவின் விடுப்பு

அப்பாவின் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து, அவரை இடப்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, முதுகுக்குப் பின்னால் மடித்த போர்வை. வாதம் தாக்கிய வலது கையைத் தூக்கி முன்பக்கம் வைத்தாள். இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. ஜன்னலோர மேசையில் மடிக்கணினி தன்பாட்டுக்கு எழுத்துகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தது.

“உன் பொட்டி என்ன சொல்லுது?” வாய் கோணிப்போனாலும் அப்பாவின் கிண்டல் கோணவில்லை.

“இன்னும் சாகலன்னு சொல்லுது.”

“யாரு, நானா?”

“சாவிப்பா. நீங்க வேற.”

சாவி சரியான நாளில் சாகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று வெளியே தெரியாதபடி, செய்தியைப் பல கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு அனுப்பும் மென்பொருளை அவள் அலுவலகம் செய்கிறது. வழியிலிருக்கும் ஒவ்வொரு கணினியும் தன்னை இன்னாரென்று நிரூபிக்க ஒரு ரகசியச் சாவி வைத்திருக்கும். ஒரு மாதத்தில் அது காலாவதியாகிப் புதுச் சாவி வர வேண்டும். பழையதை யாரும் ஏற்கக் கூடாது. ஏற்றால், அதைத் திருடி வைத்திருப்பவன் நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்வான். மறைந்து பேச வேண்டிய நிலையில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க முடியுமா? கணினியின் கடிகாரத்தை முன்னே தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். அலுவலகத்தில் அவளுக்குக் காலாவதி அக்கா என்று பெயர். அவள் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்திருந்த அம்மாள் வேலையை விட்டுப்போனதிலிருந்து இரவும் பகலும் இவள் தலையில்தான். நாளைக் காலை இவளுடைய அக்கா வருகிறாள், ஒரு வாரத்துக்கு. நாளை புதுப் பதிப்பு வெளியாகிவிட்டால் இவளுக்கும் ஒரு வாரம் விடுப்பு. டீம் லீடர் அந்த நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தான். ஊர் சுற்றும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக் கணினி அலுவலகத்தில் இருந்ததால் தன் மடிக்கணினியிலேயே கடிகாரத்தை நகர்த்தினாள். நாள் நாளாகத் தள்ளினாள். புதுச் சாவி வந்தது, பழையது செத்தது. திரையில் எல்லாம் பச்சை, சோதனை தேறிவிட்டது. கடிகாரத்தைப் பழையபடி திருப்பிவைத்து, ‘சரி’ என்று எழுதி அனுப்பினாள். அப்பாடா என்றிருந்தது.

பொழுது சாய்ந்தபோது அப்பாவின் வலது கட்டைவிரல் துடித்தது. பிறகு கை முழுக்க. வலிப்பு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள், சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள், ஒருக்களித்தபடியே பிடித்துக்கொண்டாள். வாயில் எதையும் திணிக்கவில்லை. துடிப்பு அடங்கி மூச்சு சீரானபிறகுதான் கையை எடுத்தாள்.

மாத்திரைப் பெட்டியைத் திறந்தாள். வலிப்புக்கான மதிய மாத்திரை அப்படியே இருந்தது.

மருத்துவரிடம் போனில் கேட்டாள். முழுசாக நினைவு திரும்பி, தண்ணீர் ஒழுங்காக விழுங்கினால் இப்போதே கொடு, இரண்டாகக் கொடுக்காதே, மறுபடி வந்தால் தூக்கிக்கொண்டு வா என்றார். அப்படியே செய்தாள்.

“மணி அடிக்கலையேன்னு பார்த்தேன்,” என்றார் அப்பா, களைத்த குரலில். “நீ சும்மாவா இருப்ப, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

மாத்திரை வேளைக்கு மணியடிப்பதும் அதே மடிக்கணினிதான். கடிகாரத்தைத் தள்ளியதில் இன்றைய மதியம் முடிந்துபோன கணக்கில் சேர்ந்துவிட்டது. தன் கையாலேயே தள்ளியது. அழுதால் யாருக்கு லாபம்? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கழுவும்போதே வேறொன்று உறைத்தது. சாவியை மாற்றுவதும் இப்படி ஒரு மணியை நம்பித்தானே? நாள் நாளாகத் தள்ளினாளே தவிர, சாவி மாறும் வேளையை ஒரே தாவலில் தாண்டவிட்டுப் பார்க்கவில்லை. இம்முறை மாத்திரை மணியைக் கைப்பேசிக்கு மாற்றிவிட்டுத் தாண்டவிட்டாள். புதுச் சாவி வரவில்லை. செத்திருக்க வேண்டிய சாவியோ குத்துக்கல்லாட்டம் நின்று வேலை செய்துகொண்டிருந்தது.

டீம் லீடரைக் கூப்பிட்டு, சாவி மாறும் வேளையில் கணினி தூங்கிக் கிடந்தால் பழைய சாவி சாகவில்லை என்றாள். அவன் பெருமூச்சு விட்டான்.

“அக்கா, ஒரு மாசம் மெஷின தூங்க வச்சுட்டு யாருக்கா எழுப்பப் போறா?”

“அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ என்னுது அப்படித்தான் மூடிக் கிடந்துச்சு.”

“நீங்கதானே சரின்னு எழுதினீங்க?”

“எழுதினேன். தப்பு. இப்ப மாத்தி எழுதறேன்.”

“உங்க லீவு போயிரும்க்கா. யோசிச்சுக்கோங்க.”

“யோசிக்கிற தெம்பு இல்லப்பா. ரிலீஸை நிறுத்து.”

மறுநாள் காலை அக்கா பையோடு வந்து நின்றாள். “நீ தூங்குவேன்னு ஓடி வந்தா, செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிற?”

“லீவு இல்லக்கா. வா, அப்பாவை எப்படிப் புரட்டறதுன்னு காட்டறேன். முதுகை வளைக்காத, முட்டியை மடி.”

இருவருமாகப் புரட்டினார்கள். அலமாரி மேலிருந்த பழைய அலாரத்தை இறக்கித் தூசி தட்டி, சாவி கொடுத்து, மதிய வேளைக்கு வைத்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள்.

“இதோட முள்ளை யாரும் தொடக்கூடாது,” என்றாள் அக்காவிடம்.

“உன்னைத் தவிர யாரு தொடப்போறா?” என்றார் அப்பா.

அவள் பஸ்ஸைப் பிடிக்க இறங்கினாள். உட்கார இடம் கிடைத்தது. அலுவலகம் வரும்வரை தூங்கினாள்.