சுட்டுவிரல் உத்தரவு

இருபத்திரண்டு வருடமாக அவர் கோபுரக் கிரேன் ஓட்டுகிறார். கட்டடத்தில் எல்லோரும் அவரை மேல்வீட்டுக்காரர் என்பார்கள். அவர் தூக்கிய கம்பிக்கட்டு ஒன்றுகூட நழுவியதில்லை. அதை அவராகச் சொல்ல மாட்டார். யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகரவும் மாட்டார்.

கேபினில் அவருக்கு ஒரே சட்டம். காதால் கேட்டு எதையும் அசைப்பதில்லை. வாக்கிடாக்கியில் மேலதிகாரி தொண்டை கிழியக் கத்தினாலும், கீழே நிற்கும் சிக்னல்காரனின் கை அசைந்தால்தான் லீவர் நகரும். சிக்னல்காரன் அவர் மனைவியின் தம்பி.

ஒரு பிற்பகலில் காற்று திடீரென்று திசை மாறியது. தொங்கிக்கொண்டிருந்த பலகைக் கட்டு சுழன்று சாரத்தை உரசியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. கட்டைப் பூப்போல இறக்கிவைத்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் காலை, ஏணியின் மூன்றாவது தட்டில் அவர் கைகள் கம்பியைப் பிடித்தன, பிறகு விடவில்லை. மைத்துனன் ஏறிவந்து விரல் விரலாகப் பிரித்து இறக்கிக் கூட்டிப்போனான்.

காதையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்த டாக்டர், உடம்பில் கோளாறு இல்லை, பயம்தான் என்றார். ஹிப்னோதெரபி செய்கிற ஓர் அம்மாளின் முகவரியைக் கொடுத்தார். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியைத் தூக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் ஏறாவிட்டால் வேறு ஆள் வருவார் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். இருபத்துமூன்று தளங்களை அடுக்கியது இவர். தொட்டியை வைப்பது இன்னொருவரா?

"பாத்து மாமா. மயக்கிப் போட்டு வீட்டு ரகசியமெல்லாம் கறந்துடப் போறாங்க," என்றான் மைத்துனன்.

"கறக்கட்டும். என் சமையலப் பத்தி உண்மையில என்ன நெனைக்கிறாருன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்," என்றாள் அவர் மனைவி.

அறை, பல் வைத்தியரின் கடைக்கு மேலே இருந்தது. கீழே பல் குடையும் சத்தம் தரைவழியாக வந்தது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு திரைச்சீலை. அவர் தேடியது கண்ணில் படவில்லை.

"சங்கிலி எங்கம்மா? கண்ணு முன்னால ஆட்டுவீங்களே?"

"அது சினிமாவுல. நீங்க தூங்கப் போறதில்ல. நான் பேசுறது பூரா காதுல விழும். பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிடலாம். நீங்க சொல்ல விரும்பாதத என்னால சொல்ல வைக்க முடியாது."

வெளியே பெஞ்சில் இருந்த மனைவி கேட்டிருந்தால் ஏமாந்திருப்பாள்.

"ஒரே தடவைல சரியாயிடுமா?"

"வாக்குக் குடுக்க மாட்டேன். சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. நாலஞ்சு தடவ பாப்போம். வீட்லயும் தினம் பழகணும்."

கண்களை மூடினார். மூச்சு நிதானமானது. "வலது கை லேசாகுது, மெல்ல மேல வருது," என்றாள். அவர் கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தார். மறுபடி மூடச் சொன்னாள், மறுபடி பார்த்தார். மூன்றாம் முறை கேட்டேவிட்டாள்.

"என்ன தேடுறீங்க?"

"உங்க கைய. கை சொல்லாம நான் எதையும் தூக்கறதில்லம்மா."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப சிக்னல் நீங்களே குடுங்க. போகலாம்னா சுட்டுவிரலத் தூக்குங்க. நிறுத்தணும்னா உள்ளங்கைய விரிங்க. உங்க விரல் சொல்லாம நான் அடுத்த வார்த்த பேச மாட்டேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் சிக்னல் கொடுத்ததே இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனதுக்குள் ஏணி ஏறினார்கள். பல் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மூக்கு அரித்தபோது சொறிந்துகொண்டார். மூன்றாவது தட்டில் உள்ளங்கை விரிந்தது. அவள் பேச்சு நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்டது, தணிந்தது. அன்று அவ்வளவுதான். மூன்றாம் வாரம் அதே தட்டில் வெகுநேரம் கழித்து விரல் எழுந்தது. வீட்டில் அவர் கண்மூடி உட்காரும் கால்மணி நேரமும் மனைவி தையல் மிஷினை நிறுத்திவைத்தாள்.

தொட்டி தூக்கும் காலையில் ஏறினார். மூன்றாவது தட்டில் கைகள் இறுகின. அப்படியே நின்றார். கீழே மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இவர் மூச்சை இழுத்துவிட்டு, ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து பிரித்து, சுட்டுவிரலை உயர்த்தினார்.

"மாமா, இன்னும் கேபினுக்கே போகல. யாருக்கு சிக்னல்?" என்று மைத்துனன் கத்தினான்.

"எனக்குத்தான்டா!"

நாலாவது தட்டு. ஐந்தாவது. பயமும் கூடவேதான் ஏறியது. ஆனால் உத்தரவு இவருடையது.

எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் நின்ற மனைவி, தன் பேருந்தை விட்டுவிட்டாள். தொட்டி ஆடாமல் எழுந்தபோது பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், "அது எங்க வீட்டுக்காரர்," என்றாள்.

"தொட்டியா?"

"அத தூக்குறவரு."

தொட்டி நான்கு கால்களும் ஒருசேரப் படிய உட்கார்ந்தது. வாக்கிடாக்கியில் மேலதிகாரி என்னவோ பாராட்டினார். இவர் காதில் வாங்கவில்லை. கீழே இருந்த கையைப் பார்த்தார். பாராட்டுக்கென்று கிரேன் சைகை எதுவும் கிடையாது. மைத்துனன் திகைத்து நின்று, கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான்.

"டேய், அத மொதல்ல தலையில போடுடா," என்று வாக்கிடாக்கியில் அதட்டினார் மேல்வீட்டுக்காரர்.