ஆளில்லாத கூரை வீட்டில் பகல் விளக்கு

பொங்கல் முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மன்னார்குடிப் பக்கம் போய் வந்தேன். கோயில், தெப்பக்குளம் என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் மன்னிக்கவும். நான் போனது கெட்டுப்போன மிக்ஸி பொறுக்க.

எங்கள் அலுவலகத்தில் பழைய மின்னணுச் சாமான்களைச் சேர்த்து, அதை முறையாகப் பிரித்தெடுக்கும் இடத்தில் ஒப்படைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். வீட்டில் எல்லாருக்கும் என்னைக் கண்டாலே எரிச்சல்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட பெரியப்பா மகள் வசந்தாக்கா போனில் சொன்னாள்: "கவர்மெண்டு குடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் கொல்லையில செத்துக் கெடக்குடி. வந்து அள்ளிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போவும்." இப்படி ஒரு அழைப்பு வந்தால் என்னைப் பிடிக்க முடியுமா?

சென்னையிலிருந்து ரயிலில் தஞ்சாவூர். காலை ஆறே காலுக்கு மன்னார்குடி பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோர இடம் கிடைத்தால் விடாதீர்கள், சம்பா அறுப்பு நடக்கும் நேரம். மன்னார்குடியில் இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் காசில்லை. ஒன்பது கிலோமீட்டர்தான், ஆனால் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. டிரைவர் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கி இறக்கி ஓட்டியதில் முக்கால் மணி ஆகிவிட்டது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அக்கா வீட்டில் இல்லை. கொள்முதல் நிலையத்தில் தன் நெல் குவியலுக்குக் காவல் இருந்தாள். சாவியை எதிர்வீட்டு மல்லிகாவிடம் வாங்கிக்கொண்டேன். மன்னார்குடியிலிருந்து முருகேசன் என்பவர் குட்டியானை வண்டியோடு வந்தார். தஞ்சாவூர் வரை ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பேச்சு. கொல்லையில் கிடந்ததை ஏற்றி முடித்தோம்.

அப்போதுதான் தெருக்கோடியில் இருந்த அக்காவின் பழைய கூரை வீடு கண்ணில் பட்டது. கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே ஆள் அரவமே இல்லை. பட்டப்பகலில் குண்டு பல்பு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது! மூலையில் அரசு முத்திரை போட்ட பெட்டி டி.வி. ஒன்று, பூப்போட்ட துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. போட்டுப் பார்த்தேன். உயிர் இல்லை.

"இங்க யாருங்க இருக்காங்க?" என்று முருகேசனைக் கேட்டேன்.

"நான் மன்னார்குடிங்க, எனக்கென்ன தெரியும்? பாத்தா யாரும் இருக்க மாதிரித் தெரியலையே."

இது போதாதா எனக்கு? பல்பை அணைத்தேன், ஃபேனை நிறுத்தினேன், டி.வி.யையும் வண்டியில் ஏற்றச் சொன்னேன். அக்கா கொல்லையை மட்டும்தான் சொல்லியிருந்தாள். இதையும் எடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மன்னார்குடியைத் தாண்டுவதற்குள் போன்.

"கூர வீட்டு லைட்ட யாருடி அமத்துனது? மல்லிகா போன் போட்டு அலறுறா."

"நாந்தான்க்கா. வீணா எரிஞ்சுது..."

"அடிப்பாவி! டி.வி.யயும் தூக்கிட்டியா? மத்தியானம் வி.ஏ.ஓ. எடத்தப் பாக்க வர்றாராம், இப்பதான் சொல்றாங்க. வண்டியத் திருப்புடி!"

ஒன்றும் புரியாமல் திருப்பினேன். முருகேசன் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். வழியில் மறுபடி போன் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மனை இன்னும் பழைய நிலத்துக்காரர் குடும்பத்தின் பேரில் இருக்கிறது. அவர்கள் வயலில் வேலை செய்த காலத்தில் அக்காவின் மாமனார் அங்கே குடிசை போட்டார். குடியிருப்பவருக்கே மனை என்று எந்தக் காலத்திலோ சட்டம் வந்துவிட்டது, இவர்களுக்குப் பட்டா மட்டும் வரவில்லை. இப்போது நிலத்துக்காரரின் பேரன், அங்கே யாரும் குடியில்லை என்று மனுக் கொடுத்திருக்கிறார். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், கட்டிய வீடு ஒன்று. சின்னவனுக்கு என்று இருப்பது அந்த மனைதான். அதனால்தான் இரவும் பகலும் பல்பு எரிகிறது. முருகேசனை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது வி.ஏ.ஓ.வும் அந்தப் பேரனும் வாசலிலேயே நிற்கிறார்கள். அக்கா மூச்சிரைக்க நிற்கிறாள். நானும் முருகேசனும் டி.வி.யை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குகிறோம். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"பாருங்க சார், சாமானக்கூட காலி பண்ணிட்டாங்க" என்றார் பேரன்.

"காலி பண்றவ எதுக்குங்க திருப்பிக் கொண்டாறா?" என்றாள் அக்கா. "என் தங்கச்சி சார். ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனா."

வி.ஏ.ஓ. என்னைப் பார்த்தார். "அப்படியாங்க?"

"ஆமா சார், ரிப்பேருக்குத்தான்" என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்கம்மா, ராத்திரி இங்க யாரு படுக்குறா?" என்று அக்காவைக் கேட்டார் வி.ஏ.ஓ.

அக்கா கதவு வழியே உள்ளே இருந்த அடுப்பைப் பார்த்தாள். சாம்பல்கூட இல்லாத அடுப்பு. "நாந்தான் சார்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சரி, சொல்லாம ஒரு நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலமே அக்கா பாய், தலையணை, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் கூரை வீட்டுக்கு மாற்றினாள். டைல்ஸ் போட்ட மெத்தை வீட்டை விட்டுவிட்டு மண் தரையில் படுக்கப் போகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் மேலா, அந்தப் பேரன் மேலா, இத்தனை வருஷமாகப் பட்டா கொடுக்காதவர்கள் மேலா?

என்னைப் போலச் சாமான் சேகரிக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்டி டி.வி.யை உடைத்துச் செம்பு எடுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள், கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அறுவடை நேரத்தில் டவுன் பஸ்ஸை நம்பி அடுத்த பஸ்ஸுக்கு நேரம் குறிக்காதீர்கள். வண்டி திரும்பி வந்தால் வாடகை இரண்டு மடங்கு. எந்த சுவிட்சைத் தொடுவதாக இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் வீண் என்று அலுவலகத்தில் இன்னமும் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் பழைய வேகம் இல்லை. எது வீண் என்று யாராவது கேட்டால் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். வி.ஏ.ஓ. இன்னும் வரவில்லை. அவள் கூரை வீட்டில்தான் படுக்கிறாள். படுக்கும்போது பல்பை அமத்திவிடுகிறாளாம், ஆள் இருக்கும்போது லைட் எதற்கு என்கிறாள்.

"அப்ப மெத்த வீடு? அங்க லைட் போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"அதுக்கு எதுக்குடி லைட்டு?" என்றாள். "அதுக்குத்தான் பட்டா இருக்கே."