மூன்று இளநீரும் ஒரு பொய்யும்

முதலில் மாறியது சிறுநீரின் நிறம். பால் ஊற்றாத டீயைப் போலக் கருஞ்சிவப்பாக இருந்தது.

வெளியே வந்து கணவர் முருகேசனிடம் சொன்னேன். அவர் காவேரிப்பட்டினத்துக்காரர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே தீர்ப்புதான். "சூடும்மா. உனக்கு உடம்பு சூடு ஏறிப்போச்சு" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மூன்று இளநீரோடு வந்தார். மூன்றையும் குடித்தேன். ஆசையாக வாங்கி வந்ததை எப்படி வேண்டாம் என்பது?

இதைப் படிக்கும் நீங்களோ உங்கள் வீட்டாரோ எதற்கடியிலாவது சிக்கி மீண்டிருந்தால், நான் செய்த இரண்டு தப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இளநீர் இரண்டாவது தப்பு. முதல் தப்பு, அதற்கு முன்பே நான் சொன்ன பொய்.

பாகலூர் பக்கம் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில் எனக்கு ஸ்டோர் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்தில்லா நாள்' என்று ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அதில் எண்ணை மாற்றி எழுதுவது நான்தான். ஒரு வருஷம் முழுதாக முடிந்தால் ஆளுக்கொரு குக்கர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அன்று காலை நான் எழுதிய எண் 361.

பதினோரு மணிக்கு குடோனின் கடைசி வரிசையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அடுக்கு சரிந்தது. புண்ணாக்கு மூட்டைகள், ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. இடுப்புக்குக் கீழே அமுக்கிவிட்டன. அரவை மெஷின் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, அது லாக்கரில் இருந்தது. போகப்போக வலது கால் மரத்துப்போனது. வலி குறைந்ததே என்று சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி.

சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோமே என்று தேடி வந்தவள் ரத்னம்மா, என்னோடு ஸ்டோரில் இருக்கும் கன்னடக்காரி. "அய்யோ தேவரே! இங்க என்னடி பண்ற?" என்று அலறினாள்.

"தூங்கறன், எழுப்பாத" என்றேன். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்து பேர் சேர்ந்து மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். எழுந்து நொண்டி நொண்டி நடந்தேன். "மூட்டைதான விழுந்துச்சு, செவுரா விழுந்துச்சு" என்றார் ஒருவர். எல்லோர் கண்ணிலும் குக்கர்தான். நானே சொன்னேன்: "யாரும் வாயத் தொறக்காதீங்க. நான் வீட்டு மாடிப்படியில விழுந்துட்டன், அவ்ளோதான்."

கிளினிக்கிலும் அதையே சொன்னேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. படியில் விழுந்தவளுக்கு என்ன வைத்தியமோ அதைச் செய்து அனுப்பினார்கள். அவர்கள் மேல் குற்றமே இல்லை. அன்று சாயங்காலம்தான் அந்த நிறமும் இளநீரும்.

மறுநாள் காலையில் கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. கால் கட்டைவிரல் அசையவில்லை. சிறுநீர் ஏறக்குறைய நின்றேவிட்டது. ஓசூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் இளம்பெண். ரத்தப் பரிசோதனைத் தாளையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படியில விழுந்தா இப்படி ஆகாதும்மா. உங்க மேல என்ன விழுந்துச்சு? எவ்ளோ நேரம்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படுக்கையிலும் குக்கரைத்தான் நினைத்தேன். பிறகு கதவோரம் வெளுத்துப்போய் நின்ற முருகேசனைப் பார்த்தேன்.

"மூட்டைங்க, டாக்டர். ரெண்டு மணி நேரம்."

"அதுக்கப்புறம் என்ன குடிச்சீங்க?"

"இளநீர். மூணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பெயர் கிரஷ் சிண்ட்ரோம் (நசுங்கிய தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலப்பது). பூகம்பத்தில் இடிபாட்டிலிருந்து எடுத்தவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று இறந்துபோவது இதனால்தானாம். பாரம் மேலே இருக்கும்வரை கழிவு காலிலேயே அடைபட்டிருக்கும். பாரத்தை எடுத்ததும் உடம்பெங்கும் பரவும். அதனால் முடிந்தால் ஆளை வெளியே எடுக்கும் முன்பே சலைன் ஏற்றுவார்களாம். தசையின் சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தசையிலிருந்து வரும் பொட்டாசியம் (ஒரு வகை உப்பு) இதயத்தையே நிறுத்திவிடும். இளநீரிலும் அதே உப்பு நிறைய இருக்கிறது.

"என் கையாலயே குடுத்தனே" என்று முருகேசன் சுவரில் முட்டிக்கொண்டார். அவரைத் தேற்றுவது எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டது.

அன்றே கெண்டைக்காலில் ஃபேசியாட்டமி (தசையை மூடிய உறையைக் கீறி அழுத்தத்தை இறக்குவது) செய்தார்கள். டயாலிசிஸும் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது) தொடங்கியது. பயமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு, பிழைத்துவிடுவேன் என்று ஏனோ உறுதியாகத் தோன்றியது. பதினோராம் நாள், படுக்கையோரம் தொங்கிய பையில் நூறு மில்லி சிறுநீர் இறங்கியது. முருகேசன் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"புள்ள பொறந்த மாதிரியில்ல சொல்றாரு!" என்றார் பக்கத்துப் படுக்கை அம்மா. வெட்கமும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

டயாலிசிஸ் நின்றது. தொடைத் தோலை எடுத்துக் கெண்டைக்காலில் ஒட்டினார்கள். பாதம் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. முன்பெல்லாம் உடம்பு வேலைக்குக் கூடவே வரும், அதை நான் நினைத்ததே இல்லை. இப்போது தினமும் எழுந்ததும் நிறம் பார்க்கிறேன். வெளிர் மஞ்சள் என்றால் அன்று நல்ல நாள்.

மூட்டை விழுந்த தொண்ணூற்று நான்காம் நாள் வேலைக்குத் திரும்பினேன். பலகையில் 455 என்று இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே என் பங்குக் குக்கரும் வீட்டுக்கு வந்துவிட்டது. மேனேஜரைப் பொறுத்தவரை நான் இன்னும் மாடிப்படியில் விழுந்தவள்தான். நேராக குடோனுக்குப் போனேன். மூட்டைகள் அதே உயரத்தில் அடுக்கியிருந்தன. அதனடியில் நின்று ரத்னம்மா எண்ணிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து முந்தானையால் பலகையைத் துடைத்தேன். சாக்பீஸ் எடுத்து 94 என்று எழுதினேன்.

"என்னம்மா, தப்பா எழுதிட்டீங்களே?" என்றபடி வந்தார் மேனேஜர்.

"இத்தன நாளாத்தான் சார் தப்பா இருந்துச்சு. குக்கர வேணும்னா திருப்பிக் குடுத்துடறன். வாங்க, நான் எங்க விழுந்தன்னு காட்டறன்."

காலை இழுத்து இழுத்து நான் முன்னால் நடந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் என் வேகத்துக்குத்தான் நடந்து வந்தார்.