அண்ணியின் கைமீது போட்ட பழி

சலவை நிலையத்தில் அவளை எல்லோரும் ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தேய்த்த சட்டையைப் போட்டவன் உட்காரவே யோசிப்பான் என்பது அங்கே ஓடிய கேலி. பக்கத்து மேசையில் அண்ணி, அண்ணன் மனைவி. மடிப்புக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். ஆவி பறக்கும் அந்த நீண்ட அறையில், தேய்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூல் உண்டு. துணியை மேசையில் விரித்ததும் உள்ஓரத்தில் தன் நூலால் ஒரு தையல் போட்டுவிட வேண்டும். குறை வந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே. மடிப்புக்குப் பச்சை, அண்ணிக்கு ஊதா.

ஒரு மதியம் கல்யாணப் பெண் ஒருத்தியின் வெள்ளைப் பட்டு கவுன் மடிப்பின் மேசைக்கு வந்தது. பட்டின் மேல் போடவேண்டிய ஈரத்துணியை எடுக்கச் சோம்பல்பட்டு, இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்துவிட்டாள். இடுப்புப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறியது. அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். மடிப்பு பச்சை நூலைப் பிரித்தாள். அண்ணியின் நூல்கண்டிலிருந்து ஊதாவை இழுத்து ஒரு தையல் போட்டு, தேய்த்த துணிகளோடு மாட்டினாள். அப்போது கை நடுங்கவே இல்லை என்பதுதான் பின்னாளில் அவளை அதிகம் பயமுறுத்தியது.

அண்ணி மறுக்கவில்லை. காலை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தேய்த்துத் தள்ளியவளுக்கு எது எதுவென்று நினைவில்லை. நூல் ஊதா என்றால் தன் கைதான். முதலாளியம்மா அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் படிக்கட்டு துடைக்கப் போனாள். வீட்டில்கூட இஸ்திரிப் பெட்டியைத் தொடப் பயப்படுகிறாள் என்று அண்ணன் வருத்தப்பட்டார். மகளின் சீருடை கசங்கியபடியே பள்ளிக்குப் போய் வந்தது.

மடிப்பு அழுதாள். பொய்யழுகை இல்லை. ஜெபக் கூட்டத்தில் மண்டியிட்டு, செய்ததையெல்லாம் மனசுக்குள் கடவுளிடம் கொட்டினாள். அழுது முடித்தால் நெஞ்சு லேசாகும். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுவாள். இப்படி உருகுகிற ஆத்துமா நமக்கெல்லாம் ஆசீர்வாதம் என்று சபையார் மெச்சினார்கள். வாராவாரம் கைக்குட்டை துவைக்கிறவனுக்கும் அதில் கொஞ்சம் பங்கு வேண்டும் என்று கணவர் சீண்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழுதுகொண்டிருந்தவளின் முதுகில் ஒரு கை பதிந்தது. அண்ணி பக்கத்தில் மண்டியிட்டுத் தாழ்ந்த குரலில் ஜெபித்தாள்.

“ஆண்டவரே, இவ மனசுல என்ன பாரம்னு எனக்குத் தெரியாது. அதை எடுத்துப் போடுங்க. என் கைதான் எதுக்கும் உதவாமப் போச்சு. இவ கையையாவது காப்பாத்துங்க.”

மடிப்பின் கண்ணீர் அப்படியே நின்றுபோனது. இத்தனை நாளும் தன் நெஞ்சைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் மேல் ஏறிய பழி இம்மியும் குறையவில்லை. கடவுள் மன்னிக்கத் தயங்குகிறவர் அல்ல. ஆனால் தப்பு செய்த இடத்துப் பக்கமே போகாமல், மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தால் அது மனந்திரும்புதல் ஆகுமா?

ஆலயத்துக்கு வெளியே, குடைகள் சாத்தியிருந்த சுவரோரம் அண்ணியை நிறுத்தினாள். “நூலை மாத்தினது நான்தான் அண்ணி. அந்த கவுனை நீங்க தொடவே இல்ல.”

அண்ணி கத்தவில்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். “அப்போ இது என் கை பண்ணல” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு தன் குடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாள் மடிப்பே விஷயத்தை முதலாளியம்மாவிடம் சொன்னாள். அவருக்கு அது வீண் தலைவலி. அங்கே இருப்பதிலேயே நல்ல கை மடிப்பினுடையது. ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா, ஆறிப்போனதை எதற்குக் கிளற வேண்டும் என்றார். வாயை மூடிக்கொண்டால் மேசை உனக்குத்தான் என்பதும் அந்தப் பேச்சிலேயே இருந்தது.

“எனக்கு முடிஞ்சு போச்சும்மா. அண்ணிக்கு முடியலையே” என்றாள் மடிப்பு.

அதோடு விடவில்லை. தேய்க்கும் அறைக்குப் போய், எல்லோரையும் ஒரு நிமிஷம் பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி, நடந்ததைச் சொன்னாள். ஈரத்துணி எடுக்கச் சோம்பல்பட்டதைக்கூட மறைக்கவில்லை. இவள்தான் பெரிய ஜெபக்காரி என்று யாரோ முனகினார்கள். அதற்கும் தலையாட்டினாள்.

அண்ணி மேசைக்குத் திரும்பினாள். மடிப்பைத் துவைக்கும் பின்னறைக்கு அனுப்பினார்கள். அங்கே தரை காய்வதே கிடையாது. விரல்கள் ஊறி வெளுத்துப்போகும். முணுமுணுக்காமல் செய்தாள். ஜெபக் கூட்டத்திலும் இப்போது சத்தமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள். உருக்கம் குறைந்துவிட்டதே என்று சபையார் கவலைப்பட்டார்கள்.

பல வாரங்கள் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு காலை, துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவளை அண்ணியே நிறுத்தினாள்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல. பொய்யா சொல்லவும் மாட்டேன்.”

“வரும்போது சொல்லுங்க அண்ணி.”

“வராமலே போயிட்டா?”

மடிப்பு வண்டியை அண்ணியின் கைக்கு எட்டும்படி திருப்பி நிறுத்தினாள். “போகட்டும். அந்தப் பழி உங்களோடது இல்லல்ல, அது போதும்.”

அண்ணி மேலே கிடந்த சட்டையை எடுத்து உதறி மேசையில் விரித்தாள். பெட்டி சூடேறும்வரை பக்கத்திலேயே நின்றவளை, போ என்று சொல்லவில்லை.