ஏழாவது மாடியில் காற்று

சோறு கொதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று தொண்டையை யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் இருந்தது. நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். அடுப்பைக்கூட அணைக்காமல் ஏழு மாடிப் படிகளிலும் இறங்கி ஓடினேன். கீழே திறந்தவெளியில் நின்றதும்தான் மூச்சு வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தைவிட்டு, செங் என்ற நகர்ப்புறத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்தாறு வயது. ஜன்னலே இல்லாத தொழிற்சாலையில் வேலை.

மருத்துவமனையில் இ.சி.ஜி. (இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் சோதனை) எடுத்துவிட்டு, இதயத்தில் குறையில்லை என்றார்கள். ஆனால் அதே மரண பயம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் சொந்த வீட்டு வாசலைத் தாண்டவே கால் வரவில்லை. பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, தங்கா பத்துவில் அக்கா வீட்டில் போய்த் தங்கினேன். "அம்மா, எப்ப வருவீங்க?" என்று சின்ன மகள் தினமும் போனில் கேட்பாள்.

அக்கா அழைத்துப்போன மனநல மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. 'பீதி நோய்' (காரணம் தெரியாமல் திடீரெனத் தாக்கும் கடும் அச்சம்) என்றார்.

"எனக்குப் பைத்தியமா டாக்டர்?"

"இல்லம்மா. ஒடம்பு தப்பா அலாரம் அடிக்குது, அவ்வளவுதான்." ஒரு தாளை நீட்டினார். "உங்க வீட்டை வரைஞ்சு காட்டுங்க."

வரைந்தேன். ஹாலின் ஒரே பெரிய ஜன்னலை டிவி அலமாரி மறைத்திருந்தது. வெளி நடைபாதையின் இரு முனைகளையும் சாரலுக்குப் பயந்து குடியிருப்பு நிர்வாகத்தார் தகரத்தால் அடைத்திருந்தார்கள். அங்கே நண்பகலிலும் விளக்கு எரியும்.

"மாத்திரை அதோட வேலையைச் செய்யும். வீடும் கொஞ்சம் செய்யட்டும், ஜன்னலை மறைக்காதீங்க," என்றார்.

அந்த அலமாரியை ஆசையாக வாங்கிப் போட்டவர் லாரி ஓட்டும் என் கணவர் முனியாண்டி. போனில் விஷயத்தைச் சொன்னதும், "அலமாரி என்னா பெருசு? நீ வீட்டுக்கு வா லா," என்றவர், அன்றே அதை நகர்த்திவிட்டார்.

திரும்பி வந்தேன். ஹாலில் வெளிச்சம் இருந்தது. நடைபாதையைக் கடக்கத்தான் இன்னும் அவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரொஹானாவிடம் அதைச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. "எனக்கும் இங்கே தலை சுற்றுகிறது. வயதாகிவிட்டது என்றல்லவா நினைத்தேன்!" என்றார் மலாயில்.

தகரத்தை எடுக்கக் கேட்டு மனு எழுதி, இருவரும் கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கினோம். எங்கள் மாடியில் ஒரு வீடுகூடப் பாக்கியில்லை.

"தகரத்தை எடுத்தால் மழை அடிக்குமே," என்றார் குடியிருப்பு நிர்வாக அதிகாரி. என் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. மருத்துவர் கற்றுத்தந்தபடி மூச்சை மெல்ல வெளியே விட்டேன். ஓடவில்லை.

"மழை அடித்தால் துடைத்துக்கொள்கிறோம், துவான் (ஐயா). மூச்சு முட்டினால் என்ன செய்வது?" என்று மலாயில் கேட்டேன். என் குரல் நடுங்கியது. ஆனாலும் முழுதாகக் கேட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்து தகரத்தைப் பிரித்துக் கம்பிவலை போட்டார்கள். காற்று நடைபாதை முழுக்க ஓடியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, பிள்ளைகள் கூவினார்கள். ரொஹானா ஒரு ஜக் நிறையக் கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார். நான் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தனியாக நடந்தேன். இரண்டு முறை.

எட்டு மாதத்தில் மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இருக்கும் இடம் மூச்சு முட்டுகிறதென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது உங்கள் பலவீனம் இல்லை.

நோயின் நாள்களில் அடுத்த மூச்சுக்கு அப்பால் எனக்குக் காலமே இருந்ததில்லை. மாத்திரை நின்ற அன்று, மாலை வெயில் தோளில் விழ நடைபாதையில் நின்றுகொண்டு, சின்னவள் அடுத்த வருடம் எவ்வளவு வளர்ந்திருப்பாள், பள்ளிச் சீருடையை எத்தனை விரல் நீளம் விட்டுத் தைக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.