ஆறு கால் பிராணியோடு வந்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியவர், பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை. அங்கே ஓர் ஆறு கால் பிராணி படுத்திருக்கிறதாம். நகக்கண்ணெல்லாம் கறுத்த விரலால் பால்கோவாவை வழித்து வெறும் காற்றுக்கு ஊட்டினார். இருக்கையில் விழுந்து ஈ மொய்த்ததை அவரே எடுத்துத் தின்றார். நான் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டேன்.

வழியில் ஒரு பிள்ளைத்தாச்சி தாயோடு ஏறினாள். அவர் சட்டென்று எழுந்து, இருக்கைகளைத் துண்டால் துடைத்து, "ரெண்டு பேரும் ஒக்காருங்க தாயி" என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இத மட்டும் செத்த நேரம் ஒங்க பக்கத்துல படுக்கப் போடட்டுமா?"

"அங்கிட்டுப் போங்கய்யா" என்று காலி இடத்தில் என் பையை வைத்தேன்.

ராஜபாளையம் வரை கம்பியைக்கூடப் பிடிக்காமல், இரு கைகளிலும் அதை ஏந்தியபடியே நின்றார். என் அருவருப்பு இன்னும் தீரவில்லை. ஆனால் இறங்கும்போது அவர் கைகள் கனம் தாங்காமல் நடுங்கியதைப் பார்த்தேன்.